கொட்டாஞ்சேனையில் ஓர் அகரம்

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போவதும் ஒரு பிரயாணமா என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். இரண்டும் கொழும்பு மாநகரத்தின் இரு பகுதிகளே. ஒன்று தெற்கே, மற்றது வடக்கே. தபாற்காரர் கணக்கில் ஒன்று கொழும்பு 6, மற்றது கொழும்பு 13. ஆயினும் நாம் அப்பிரயாணத்தை ஒரே மாதத்தில் இருமுறை மேற்கொள்ள நேர்ந்தது. முதன்முறை சென்று வந்ததனால் விளைந்த பயன் சிறிதும் இல்லை. பழியை மழையின்மேற் போடலாம், வெளிச்சத்தின்மேற் போடலாம். உள்ளதைச் சொல்வதானால் பழி எமது கையினுடையது.

ரொறன்ரோ நகரில் வாழும் எமது பெரியப்பா தொண்ணூறு வயதைக் கடந்தவர். கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து பிரிந்து செல்லும் ஓர் ஒழுங்கையிலே பிறந்து வளர்ந்தவர். 1983 ஜூலையில் நிகழ்ந்தவற்றை நாம் இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. வீட்டினுள் இருந்த பொருள்கள் எரிந்தன. சுவர்கள் மட்டும் நின்றன. எரிந்தவற்றுள் குடும்பத்தின் புகைப்படத் தொகுதிகளும் அடங்கும். அவர் கடல் கடந்தார், வீடு கைமாறியது. அவ்வீட்டை இடித்துத் தொடர்மாடி எழுப்பப் போகிறார்கள் என்ற செய்தி எப்படியோ அவருக்கு எட்டிவிட்டது. தொலைபேசியில் அழைத்தார்.

“வீட்டின்ரை படம் எனக்குத் தேவையில்லை, தம்பி. அந்த எழுத்தின்ரை படம் வேணும்” என்றார்.

அவ்வீட்டின் மேல்மாடி யன்னலுக்கு மேலே, தாழ்வாரத்தின் நிழலில், வீடு கட்டிய ஆண்டாகிய 1938 என்பதைச் சாந்தினால் புடைப்பாக அமைத்திருந்தார்கள். சாந்து ஈரமாய் இருந்த அன்று, ஆறு வயதுப் பாலகனாகிய பெரியப்பாவை அவருடைய தந்தையார் சாரக்கட்டின்மேல் தூக்கி நிறுத்தி, கையில் ஓர் ஈர்க்கைக் கொடுத்து, ஆண்டின் கீழே அகரம் எழுதச் சொன்னாராம். இரண்டங்குல உயரத்தில் ஓர் “அ”. அஃது அங்கேதான் இருக்கிறது என்பது பெரியப்பாவின் துணிபு. வெள்ளவத்தையில் வசிக்கும் எமது மாமி, அதாவது பெரியப்பாவின் தங்கையார், சிறு வயது முதலே இதனை மறுத்து வந்தவர். “அது எழுத்துமில்லை, கிழுத்துமில்லை, சுவர் வெடிப்பு” என்பது அவருடைய தீர்ப்பு. வீதியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு இரண்டில் எது உண்மையென்று புலப்படாது. இடிப்பதற்கு மூன்று வாரமே இருந்தது.

முதன்முறை நாம் சென்றது ஒரு மழைக்கால மாலைப்பொழுது. வீட்டின் முன்புறத்தைத் தகரத்தால் உயர அடைத்திருந்தார்கள். எதிர்ச்சாரியில் நான்காவது வீட்டின் மேல்மாடி விறாந்தையில் நின்றால் மாத்திரமே அந்த யன்னலின் மேற்பகுதி தெரியும். தூரம் ஏறக்குறைய 30 மீற்றர். அவ்வீட்டு ஆச்சி முன்பின் அறியாத எம்மை உள்ளே அழைத்துத் தேநீரும் தந்தார். 200 மில்லிமீற்றர் குவியத் தூரமுடைய பழைய வில்லையைக் கமராவிற் பூட்டி, கையிலே பிடித்தபடி பன்னிரண்டு படங்கள் எடுத்தோம். கமராவின் முதுகிலுள்ள சிறு திரையிலே எல்லாம் அழகாகத்தான் தெரிந்தன. அச்சிறு திரையைப் போலப் பொய்சொல்லும் கண்ணாடி வேறொன்றில்லை! அன்றிரவே படங்களை அனுப்பிவைத்தோம். பேர்த்தியைக்கொண்டு பெரிதாக அச்சிடுவித்து, பூதக்கண்ணாடி கொண்டு பார்த்த பெரியப்பா இரண்டு நாள் கழித்துச் சொன்ன மறுமொழி இது: “வீடு தெரியுது, தம்பி. எழுத்துத் தெரியேல்லை.”

எமது மருமகப்பிள்ளை உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்பவன். அவன் படங்களைக் கணினியிற் பெருப்பித்துப் பார்த்துவிட்டு, “மாமா, இது குவியப் பிழையில்லை, கை ஆடிய பிழை” என்றான். எப்படி அறிந்தாய் என்று வினவினோம். படத்தின் ஓரத்தில் ஒழுங்கை விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. குவியம் தவறியிருந்தால் அவ்வொளிப்புள்ளி வட்டமாக அகன்றிருக்கும். அதுவோ தூண்டில் முள்ளைப்போல் வளைந்திருந்தது. பன்னிரண்டு படத்திலும் பன்னிரண்டு விதமான வளைவு. ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் எமது கை சென்ற வழியை அந்த விளக்கு ஒவ்வொரு படத்திலும் வரைந்து வைத்திருந்தது. மரத்தின் இலை மாத்திரம் மங்கிச் சுவர் தெளிவாயிருந்தால் அது காற்றின் செயல். சுவரும் விளக்கும் ஒருசேர ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கமராவின் அசைவு. மாணவர்கள் தம்மிடமுள்ள மங்கற் படங்களை இவ்வாறு தாமே சோதித்துப் பார்க்கலாம்.

பின்பு அவன் ஒரு தாளில் கணக்குப் போட்டான். எமது கமராவின் உணரி 36 மில்லிமீற்றர் அகலமானது. அவ்வகலத்தில் 6000 புள்ளிகள். ஆகவே ஒரு புள்ளியின் அகலம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஆறு பங்கு. 200 மில்லிமீற்றர் வில்லையைக்கொண்டு 30 மீற்றர் தூரத்துச் சுவரைப் பார்க்கையில், சுவரின் 0.9 மில்லிமீற்றர் ஒரு புள்ளியில் அடங்கும். இரண்டங்குல எழுத்துக்கு ஐம்பத்தைந்து புள்ளிகள் கிடைக்கும். வாசிக்கத் தாராளமாகப் போதும். ஆனால் வில்லையின் முனை கால் மில்லிமீற்றர், அதாவது இரண்டு மூன்று தாள்களின் தடிப்பளவு, கீழே தாழ்ந்தால் என்னாகும்? முனைக்கும் கைப்பிடிக்கும் இடையே 20 சென்ரிமீற்றர், சுவரோ 30 மீற்றர் தொலைவில், நூற்றைம்பது மடங்கு. சுவரிலே நமது பார்வை ஏறக்குறைய 37 மில்லிமீற்றர் இறங்கிவிடும். ஐம்பது மில்லிமீற்றர் எழுத்து முப்பத்தேழு மில்லிமீற்றர் தேய்க்கப்பட்டால் எஞ்சுவது யாது? தேநீர் அருந்திய கை தாளின் தடிப்பளவு தாழாமலிருக்க நாம் என்ன கற்சிலையா?

புகைப்படக்காரரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு விதியுண்டு. கையிற் பிடித்து எடுக்கும்போது, வில்லையின் குவியத் தூரம் எத்தனை மில்லிமீற்றரோ அத்தனையில் ஒரு பங்கு செக்கனைவிட ஷட்டர் தாமதிக்கலாகாது. 50 மில்லிமீற்றருக்கு ஐம்பதில் ஒரு செக்கன். 200க்கு இருநூறில் ஒரு செக்கன். நாம் அன்று எடுத்தது முப்பதில் ஒரு செக்கனில். விதி தெரிந்திருந்தும் மீறினோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

ஆதியில் இந்தத் தொல்லையே இருக்கவில்லை. 1839இல் தகேர் தமது முறையை உலகுக்கு அறிவித்த காலத்தில் ஒரு படத்துக்கே நிமிடக்கணக்கில் நேரம் வேண்டியிருந்தது. கமராவும் பெட்டியாய்ப் பாரமாய் இருந்தது. அதனைக் கையிற் பிடிக்க ஒருவரும் நினைக்கவில்லை. கமரா தாங்கியின்மேல் அசையாது நின்றது. அசைந்தவர் எதிரே அமர்ந்த மனிதர்தாம். அதனால் அவருடைய பிடரியைத் தாங்க இரும்புக் கவை வைத்தார்கள். கையிற் பிடிக்கும் கமராக்கள் பின்னரே வந்தன; 1925இல் லைக்கா என்னும் சிறு கமரா விற்பனைக்கு வந்தபின் அவ்வழக்கம் மேலும் பரவியது. கூடவே கையின் நடுக்கமும் படத்துக்கு வந்தது. கொழும்பு மண்ணில் சிறு கமராவைப் பெரும் கலைக்குப் பயன்படுத்தியவர் லயனல் வென்ட். 1900இல் பிறந்து 1944இல் மறைந்த அவர் சட்டம் பயின்றவர், பியானோ வாசிப்பதில் வல்லவர். அவர் பெயரால் கொழும்பு 7இல் அமைந்த கலையரங்கை நாடகம் பார்க்கும் மாணவர்கள் அறிவர். மங்கலிலும் இருவகை உண்டென்பதற்கு இலங்கையோடு தொடர்புடைய இன்னொருவரையும் சொல்லலாம். விக்ரோரியா காலத்துப் புகழ்பெற்ற புகைப்படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கமெரோன் தம் இறுதி ஆண்டுகளை இந்நாட்டிற் கழித்து, 1879இல் இங்கேயே காலமானார். அவருடைய படங்களின் மென்மங்கல் அவர் விரும்பி ஏற்றுக்கொண்டது. எம்முடையது தானே வந்தது.

மறுமுறை போவதற்கு முன் வெள்ளவத்தையிலேயே பயிற்சி செய்வதென்று தீர்மானித்தோம். முதலிற் சென்றது ஒரு தொடர்மாடியின் மொட்டைமாடி. அங்கிருந்து பார்த்தால் கடலும், கடலோரமாகக் காலிக்குச் செல்லும் புகையிரதப் பாதையும், காலி வீதியின் நெரிசலும் ஒரே பார்வையில் அடங்கும். முக்காலியை விரித்து, எல்லாக் கால்களையும் முழுதும் நீட்டி, நடுத்தண்டையும் உயர்த்தி, அதன் உச்சியிலே கமராவை வைத்தோம். கொடிக்கம்பத்தின் நுனியில் காகம் இருந்தாற்போல் இருந்தது. தென்மேற்குக் காற்று, யாழ்ப்பாணத்தார் சோழகம் என்பார்களே அது, கடலிலிருந்து நேரே மோதியது. கமராவின் தோள்வார் காற்றிற் படபடத்து அடிக்க அடிக்க, ஒவ்வோர் அடியும் படத்திற் பதிந்தது. போதாக்குறைக்கு மாடியின் ஒரு மூலையில் மின்தூக்கியின் இயந்திர அறை; தூக்கி ஏறி இறங்கும்போதெல்லாம் தளத்தில் மெல்லிய அதிர்வு. முக்காலி இருந்தும் படம் மங்கல்! முக்காலி வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுவோருக்கு அம்மொட்டைமாடியை நாம் சிபாரிசு செய்கிறோம்.

மருமகப்பிள்ளை தன் பாடப்புத்தகத்திலிருந்து “பரிவு” என்ற சொல்லை எடுத்து நீட்டினான். ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கே உரிய ஓர் அதிர்வெண் உண்டு. அதே அதிர்வெண்ணில் வெளியிலிருந்து தட்டினால், சிறு தட்டும் பெரிய ஆட்டமாகும். மெலிந்து நீண்ட கால் எளிதில் ஆடும். ஆடத் தொடங்கினால் விரைவில் அடங்காது. ஆகவே முக்காலியின் தடித்த மேற்பகுதிகளை முதலில் நீட்டி, மெல்லிய அடிப்பகுதிகளை இயன்றவரை உள்ளேயே விட்டுவிட வேண்டும். நடுத்தண்டைத் தொடவே கூடாது. மூன்று கால்களின் உறுதியை ஒற்றைக் காலின் உறுதியாக்கிவிடுவது அது. நில அளவையாளர்கள் மரக்கால் முக்காலியைக் கைவிடாதிருந்ததற்கும் காரணம் உண்டு. மரம் அதிர்வைத் தன்னுள் வாங்கி அடக்கிவிடும். கடைகளிலே விரல் தடிப்பான கால்களோடு பளபளப்பாய் விற்கும் மலிவு முக்காலிகளைப் பற்றி எமது அபிப்பிராயம் கேட்டால், அவற்றைவிட ஒரு மதிற்சுவரும் அரைக் கொத்து அரிசி கட்டிய துணிப்பையும் மேல் என்போம்.

“அசைவைத் தணிக்கும் பொறி உள்ள வில்லை வாங்கினால் என்ன, மாமா?” என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. 1995இல் கனன் நிறுவனம் அத்தகைய பொறியமைந்த வில்லையை மாற்றிப் பூட்டும் கமராக்களுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்போதோ கைப்பேசியிலும் அது வந்துவிட்டது. கை திரும்புவதை நுண்ணிய உணரிகள் அறிந்து, வில்லையின் ஒரு பாகத்தையோ கமராவின் உணரியையோ எதிர்த்திசையில் நகர்த்துகின்றன. கையிற் பிடித்து எடுப்பவருக்கு அது பேருதவி. ஆயினும் ஓடும் பிள்ளையை அது நிறுத்தாது. ஆடும் தென்னோலையை நிறுத்தாது. உறுதியான முக்காலியின்மேல் வைத்தபின் அப்பொறியை நிறுத்திவிடுவதே நலம். பழைய பொறிகள் சில, இல்லாத அசைவைத் தேடித் தாமே அசைந்து படத்தைக் கெடுப்பதுண்டு. மேலும் அவ்வில்லையின் விலையைக் கேட்ட பின்னர் பையனே பேச்சை மாற்றிவிட்டான்.

கடற்கரைக்குப் போனபோது வேறொரு பாடம். மணலில் முக்காலி நின்றது. ஆனால் ஒரு நிமிடத்தில் ஒரு கால் மெல்லப் புதைந்தது. கால்களை முதலிலேயே அழுத்தி ஊன்றி, ஈரமணல் இறுகும்வரை பொறுத்திருக்க வேண்டும். புகையிரதம் போகும்போது பாதையோரத்தில் நின்று எடுத்த படம் எதுவும் உருப்படவில்லை. போய் மறைந்த பின்னரும் சற்றுக் காத்திருந்தோம். வீடு திரும்பியதும் முக்காலியின் கால்களை நன்னீரில் கழுவினோம். உப்பு பொறுமைசாலி, இன்று தின்னாவிட்டால் நாளை தின்னும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வெள்ளவத்தை நிலையத்தில் புகையிரதம் ஏறினோம். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி வரையும் ஒரு பக்கம் கடல் கூடவே வர, அதன்பின் கோட்டைக்குச் செல்லும் சொகுசுப் பிரயாணம் அது, கட்டணமோ சொற்பம். யன்னற் சட்டத்தில் முழங்கையை ஊன்றிப் பையன் படமெடுக்க முற்பட்டான். ஊன்றவே கூடாது என்று தடுத்தோம். வண்டியின் அதிர்வு சட்டத்தின் வழியாக நேரே கமராவுக்கு ஏறும். உடலைச் சாய்க்காமல் இருந்தால் தசைகளே ஒருவாறு அதனைத் தாங்கிக்கொள்ளும். ஐந்நூறில் ஒரு செக்கனில் தூரத்துக் கப்பல் ஒன்று தப்பிப் பிழைத்தது. அருகே ஓடிய தென்னைகள் பிழைக்கவில்லை.

கோட்டையிலிருந்து புறக்கோட்டை நெரிசலைக் கடந்து செட்டியார் தெருவில் நடந்தோம். இருபுறமும் நகைக்கடைகள், நடுவே கதிரேசன் கோயில்கள். அதனைத் தாண்டிக் கொட்டாஞ்சேனைப் பக்கம் திரும்பினால், ஒரே நாளில் எல்லாச் சமயத்தாருக்கும் வணக்கம் சொல்லிவிடலாம். கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தின் முன்னே சிறிது நேரம் நின்றோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் அங்கே குண்டு வெடித்து மாண்டவர்களை நினைந்து மெழுகுதிரி ஏற்றுவோர் நின்றனர்; சமயபேதம் பார்க்காத கூட்டம். கமராவை நாம் பையிலிருந்து எடுக்கவில்லை.

பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பொன்னம்பல முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறுவிய கோயிலை, அவருடைய மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் (1851–1930) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுவதும் கருங்கல்லினால் எடுப்பித்தார். வர்ணம் பூசிய கோபுரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அக்கருங்கல்லின் அடக்கம் ஒரு குளிர்ச்சி. உள்ளே கமராவுக்கு இடமில்லை; அது வழிபாட்டுக்குரிய இடம், இருளும் அங்கே அழகு. வெளியில் நின்று, கல்லின் உளிக்கோடுகள் பக்கவாட்டு வெளிச்சத்தில் எழும் வேளையில் முக்காலியில் வைத்து எடுத்தோம். அதே இடத்தில் கையிற் பிடித்து எடுத்த படத்தில் கருங்கல் சீமெந்துபோல் மழுங்கியிருந்தது. கல்தச்சர் செய்த வேலை முழுவதும் அந்த மழுக்கத்தில் மறைந்துவிட்டது.

வுல்பெண்டால் மேட்டிலே ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் முடித்த தேவாலயம் சிலுவை வடிவமானது. அதன் சுவர்கள் ஏறத்தாழ ஐந்தடி கனமுடையவை. எந்த லொறி போனாலும் அதற்கு உறைக்காது! உள்ளே எடுக்க அனுமதி கேட்டோம். கிடைத்தது, முக்காலி வேண்டாம் என்ற நிபந்தனையோடு. பையிலிருந்த அரிசிப்பையை வெளியே எடுத்தோம். வாங்கின் முதுகில் அதனை வைத்து, கமராவை அதன்மேல் அமுக்கினால், அரிசிமணிகள் கமராவின் அடிவயிற்றுக்கு ஏற்ப இடங்கொடுத்து இறுகிக்கொள்ளும். விரலால் ஷட்டரை அழுத்தாமல், இரண்டு செக்கன் கழித்துத் தானே திறக்குமாறு வைத்துக் கையை எடுத்துவிட்டோம். ஒரு செக்கன் முழுவதும் திறந்திருந்தும் பழைய கல்லறைக் கற்களின் எழுத்துகள் ஒவ்வொன்றும் விழுந்தன. கைப்பேசியால் எடுப்போருக்கும் இதே உபாயம் பொருந்தும். இராக்காலப் படத்துக்குக் கைப்பேசி சில செக்கன் நேரம் பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது. அந்நேரம் அதனை மதிலிலோ பையிலோ சார்த்திவைத்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

ஆச்சி எம்மை இரவு தங்கச் சொல்லிவிட்டார். “விடியக்காலமை வேலை எண்டால் வெள்ளவத்தைக்குப் போய் ஏன் வாறியள்?” இடியப்பமும் சொதியும் உண்டு உறங்கினோம். தாழ்வார நிழலில் உள்ள அவ்வெழுத்துக்கு நேர் வெயில் எப்போதும் படாது. காலையில் எதிர்ச்சாரியின் வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் சற்றுச் சாய்வாக வரும் வேளைதான் கீறலின் பள்ளம் தெரியும். அவ்வேளை மங்கலானது. கணக்குப்படி எட்டில் ஒரு செக்கன் வேண்டும். உணர்திறனை உயர்த்திக் கையாலேயே எடுத்தாலென்ன என்றால், எமது கமரா பழையது. அவ்வளவுக்கு உயர்த்தினால் படமெங்கும் மணல் தூவினாற்போல் ஆகும், மெல்லிய கீறலை அம்மணலில் எங்கே தேடுவது?

ஆச்சி வீட்டு விறாந்தைத் தளம் பலகை. பையன் ஒரு பேணித் தண்ணீரைக் கொண்டுவந்து தளத்தின் நடுவே வைத்தான். நாம் ஓரடி எடுத்துவைத்தால் தண்ணீரில் வளையம். துறைமுகப் பக்கம் பாரலொறி போனால், ஓசை எம் செவிக்கு எட்டுமுன் தண்ணீருக்கு எட்டியது. பேணியை நகர்த்தி நகர்த்திப் பார்த்ததில், பலகையைத் தாங்கும் வளைகள் சுவரினுட் புகும் இடத்தருகே நீர் மிகக் குறைவாக நடுங்கியது. அங்கேயே முக்காலியின் மூன்று கால்களையும் ஊன்றினோம். ஐந்து கிலோகிராம் அரிசியை நடுவே தொங்கவிட்டோம். அது ஊசலாடாதபடி பையின் அடி தளத்தைச் சற்றே தொடவிட்டோம். தோள்வாரைக் கழற்றினோம். காற்றைப் பிடிக்கும் வில்லைக்கூட்டையும் கழற்றினோம். பாரமான வில்லையைக் கமரா சுமக்காமல், வில்லையின் கழுத்திலுள்ள வளையத்தையே முக்காலியில் பூட்டினோம்.

எஞ்சியது ஒரேயொரு பகைவன், அதுவும் கமராவுக்குள்ளேயே இருப்பது. பழைய வகைக் கமராவினுள் ஒரு கண்ணாடி உண்டு. படமெடுக்கும் கணத்தில் அது மேலே துள்ளி அடிக்கும். ஆயிரத்தில் ஒரு செக்கனில் எடுத்தால் அந்த அடி படத்தில் தெரியாது. பத்துச் செக்கன் திறந்திருந்தால் அடியின் பங்கு மிகச் சிறிது. ஆனால் முப்பதில் ஒன்றுக்கும் ஒரு செக்கனுக்கும் இடைப்பட்ட வேகங்களில் அந்த ஆட்டமே படத்தின் பெரும்பகுதியை ஆண்டுகொள்ளும். எமக்கு வேண்டிய எட்டில் ஒரு செக்கன் அதற்குச் சரியாக நடுவே! கண்ணாடியை முன்கூட்டியே உயர்த்தி நிறுத்த ஒரு விசை உண்டு. உயர்த்திவிட்டு, ஆட்டம் அடங்கச் சில செக்கன் பொறுத்து, பின்பு ஷட்டரைத் திறக்க வேண்டும். கண்ணாடியில்லாத புதுக் கமராக்களுக்கு இத்தொல்லை இல்லை. அவற்றிலும் ஷட்டர் திரையின் அதிர்வு உண்டாயினும், முதல் திரையை மின்னணு முறையில் திறக்கும் வசதியால் அது தீர்ந்துவிடுகிறது.

ஞாயிறு காலை. கோயில் மணி ஒன்று, அதன் பின்னர் தேவாலய மணி ஒன்று. திரையிலே யன்னலின் மேற்பகுதியைப் பெருப்பித்துக் கையாலே குவியம் வைத்தோம். 1938 என்பது தெரிந்தது. அதன் கீழே பல வர்ணப் பூச்சுகளின் அடியில் ஏதோ ஒன்று. ஆச்சி கதவு நிலையில் அசையாது நின்றார். பையன் பேணியைப் பார்த்துக்கொண்டு கையை உயர்த்தியிருந்தான். லொறி ஒன்று போயிற்று; வளையங்கள் அடங்கின; அவன் கையைத் தாழ்த்தினான். நாம் விசையைத் தட்டிவிட்டு மூச்சை அடக்கினோம். கமராவைத் தொடாதிருக்கையில் மூச்சை அடக்குவதால் யாதொரு பயனுமில்லை என்பது தெரிந்தும் அடக்கினோம். இவ்வாறு ஒன்பது படங்கள். பத்தாவது படத்தைப் பையனின் விருப்பப்படி கண்ணாடியை முன்னர் உயர்த்தாமல் எடுத்தோம். கணினியில் ஒப்பிட்டபோது அப்படத்தில் 1938இன் ஒவ்வொரு விளிம்பும் இரட்டைக் கோடாய் இருந்தது. மற்றவற்றில் ஒற்றைக் கோடு.

திரும்பி வந்ததும் பெரிதாக அச்சிட்டு முதலில் மாமியிடம் கொடுத்தோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஈர்க்கு சாந்தைக் கீறிய இடத்தில் இருபக்கமும் ஒதுங்கிய சிறு வரம்புகூடத் தெரிந்தது.

“எழுத்துத்தான்” என்றார் மாமி. பிறகு, “ஆனால் முடிக்கேல்லையே” என்றார்.

நாமும் அப்போதுதான் கவனித்தோம். சுழி இருந்தது, வளைவு இருந்தது, வலப்புறத்து நேர்க்கோடு இல்லை. உடனே ரொறன்ரோவுக்குத் தொலைபேசியில் அழைத்தோம். பெரியப்பா பேர்த்தியின் கணினியிற் படத்தை விரித்து வைத்துக்கொண்டு எமது அழைப்புக்காகவே காத்திருந்தவர் போலிருந்தது.

“காலில்லை, தம்பி” என்றார்.

“மாமியும் அதைத்தான் சொல்லுறா.”

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு மெல்லச் சொன்னார். “நான் முழுசா எழுதினனான் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தனான். இப்பதான் ஞாபகம் வருது. அம்மா கேற்றடியிலை வந்து நிண்டு, பிள்ளையை இறக்குங்கோ, விழப்போறான் எண்டு கத்தினவ. ஐயா பயந்துபோய் உடனை தூக்கி இறக்கிப்போட்டார்.”

மாமி தொலைபேசியை எமது கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதன் பின்னர் அண்ணனும் தங்கையும் பேசியது அரை மணித்தியாலத்துக்கு மேலிருக்கும். அதில் கமராவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.